வில்லங்கச் சான்று இல்லாமல் ஒரு பேரரசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' என்ற பழைய ரோல்பிளேயிங் விளையாட்டு (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடுவது) மறுபடியும் விற்பனைக்கு வந்திருப்பது பற்றி முக்கால் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். முதலில் ஒரு திருத்தம். கட்டுரையோடு இருந்த வரைபடம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. அந்த விளையாட்டின் கற்பனை நாடான ட்சோல்யானுவுக்குத் தெற்கில்தான் கடல். ஜக்கால்லா துறைமுகம் அந்தக் கடலோரத்தில், மிஸ்ஸூமா ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் கடல் வடக்கே ஏறிவிட்டது. ஊர்ப் பெயர்களெல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன. வாயில் நுழையாத பெயர்கள், எப்படி நின்றால் என்ன என்று அச்சுக்கு அனுப்பியவர் விட்டிருக்கலாம். நான் 31 வருஷம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவன். வடக்கு மேலே இல்லாத படத்தைப் பார்த்தால் காபி இறங்காது.

எனக்கு இந்த விளையாட்டோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற வருஷம் என் தங்கை மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். அறுகோணக் கட்டம் போட்ட ஒரு தேசப்படம். உலகமே கற்பனை. ஆனால் ஆறு, சதுப்பு, கோட்டை, சாலை எல்லாவற்றுக்கும் ஒழுங்கான குறியீடு. உயரக்கோடு மட்டும் இல்லை. அன்றைக்கு விழுந்தவன்தான். மின்னூலை வாங்கி, தெரு முனை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். படத்தை மட்டும் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கச் சொன்னேன். கடைக்காரப் பையன் ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "சார், இது எந்த தாலுகா?" என்றான்.

14 மாதமாக, சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் ஆட்டம். நான் நடுவர். தங்கை மகள், பக்கத்துத் தெருவின் இரண்டு கல்லூரிப் பையன்கள், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி என நாலு பேரோடு தொடங்கினோம். ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும், உலகம் அதற்கு என்ன பதில் செய்கிறது என்று நான் சொல்ல வேண்டும். சந்தேகமான இடத்தில் பகடை பேசும். தாயக்கட்டை உருட்டி வளர்ந்த கைக்கு இருபது முகப் பகடை பழக ஒரு வாரம் போதும்.

உங்கள் கட்டுரையாளர் புத்தகத்தைப் படித்திருக்கிறார், ஆடிப் பார்க்கவில்லை. அது முதல் பத்தியிலேயே தெரிகிறது. "இந்தியாவைப் பார்த்து எழுதிய உலகம், நம் குழந்தைகளுக்கு ஏற்றது" என்கிறார். இரண்டுமே சரியில்லை.

இந்தியாவைப் பார்த்து மட்டும் எழுதியதல்ல. டெக்குமெல் என்ற இந்த உலகத்தைப் படைத்தவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். 1929-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்த மொழியியலாளர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறையில் பாடம் சொன்னவர், உருது கற்பிக்கப் பாடநூல் செய்தவர். இளைஞராக இந்தியா வந்த காலத்தில் இஸ்லாத்தைத் தழுவினார். ஆகவே இந்தியச் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே அளவுக்கு, மெக்சிகோப் பக்கத்துப் பழைய நாகரிகங்களான மாயர்களும் அஸ்டெக்குகளும் இருக்கிறார்கள். ஊரையும் ஊரையும் இணைக்கும் பெருஞ்சாலைக்கு அவர் வைத்த பெயர் 'சாக்பே'. அது மாயர்கள் தங்கள் வெள்ளைக் கல் சாலைக்கு வைத்திருந்த பெயர்.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. மதில் மாதிரி உயர்த்திக் கட்டியது, மூன்று அடுக்கு. கீழடுக்கில் சரக்கும் சாமானியரும், மேலடுக்கில் பெரிய மனிதர்கள். இந்த உலகத்தில் குதிரை கிடையாது, ஏறிப் போக வேறு மிருகமும் கிடையாது. யாராக இருந்தாலும் நடை, அல்லது பல்லக்கு. இரும்பும் அரிது. ச்லேன் என்ற பெரிய மிருகத்தின் தோலை உரித்துப் பதப்படுத்தி அதில்தான் வாளும் கவசமும் செய்கிறார்கள். இந்த மூன்று செய்தியையும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டை யோசித்துப் பாருங்கள். படை எத்தனை நாளில் எல்லைக்குப் போய்ச் சேரும், எந்த ஊரில் சந்தை கூடும், எவனிடம் இரும்பு இருந்தால் எவன் பயப்படுவான், எல்லாம் தானே விளைகிறது. இந்த வகை விளையாட்டுக்கு முன்னோடியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வந்தபோது விலை 10 டாலர். மறு வருஷமே அதே டிஎஸ்ஆர் நிறுவனம் இந்தப் பெட்டிக்கு 25 டாலர் போட்டது. விதிகளோடு ஒரு முழு உலகத்தையும் பெட்டியில் அடைத்துக் கொடுத்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. 25 டாலருக்கு அந்தச் சாலை ஒன்றே தகும் என்பேன்.

இன்னொன்று 'டித்லானா'. சுமார் 500 ஆண்டுக்கு ஒரு முறை நகரத்தைச் சடங்காக இடித்து, மண் மூடி, அதன்மேல் புது நகரம் எழுப்புவார்கள். பழைய கோயில், பழைய வீதி, பழைய கருவூலம் எல்லாம் கீழே இருட்டில் அப்படியே கிடக்கும். மற்ற விளையாட்டுகளில் ஊருக்கடியில் ஏன் இவ்வளவு பெரிய சுரங்கம் என்று கேட்டால் பதில் இருக்காது. இங்கே இருக்கிறது. பழைய நத்தம் மேட்டில் எல்லைக் கல் நடக் குழி தோண்டும்போது மூன்றடியில் ஒரு செங்கல் தளம் தட்டுப்பட்ட அனுபவம் எங்கள் துறையில் பலருக்கும் உண்டு. தோண்டுகிற ஆள் கடப்பாரையை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையை ஆட்டத்தில் கொண்டுவர எனக்கு வர்ணனையே தேவைப்படவில்லை.

விதிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலம், அறிவு எல்லாம் நூற்றுக்கு இத்தனை என்று பகடை உருட்டி எடுப்பது. வீரன், பூசாரி, மந்திரவாதி என்று மூன்றே தொழில். சண்டையில் இருபது விழுந்தால் அடி இரட்டிப்பு. அந்தக் காலத்துக்குப் புதிது, இப்போது பல விளையாட்டிலும் உண்டு. அட்டவணைகள் முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடப்பதால் என் பிரதியில் பதினேழு இடத்தில் காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறேன். புதிதாக ஆடுகிறவன் கதையை எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டும் பார்க்கர் அருமையான வழி காட்டியிருக்கிறார்: நீங்கள் அந்நியர்கள், சின்னப் படகில் ஜக்கால்லாவில் வந்து இறங்குகிறீர்கள். வெளிநாட்டார் குடியிருப்பைத் தாண்டி வரக்கூடாது. குலம் கிடையாது, மரியாதை தெரியாது. யாரையாவது அவமதித்தால் கழுவேற்றம்.

கழுவேற்றம் என்று நான் அலங்காரத்துக்கு எழுதவில்லை, அந்த நாட்டில் தண்டனையே அதுதான். நரபலி கேட்கும் தெய்வங்கள் உண்டு, அடிமைச் சந்தை உண்டு. குழந்தைகளுக்கு ஏற்றது என்று உங்கள் கட்டுரையாளர் எந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதினாரோ! எங்கள் இரண்டாவது சனிக்கிழமை ஒரு பையன், "செருப்போட கோயிலுக்குள்ள போறேன், என்ன பண்ணுவாங்க?" என்றான். என்ன பண்ணுவார்களோ அதைப் பண்ணினார்கள். அன்றிலிருந்து டீ கொண்டுவரும்போதெல்லாம் என் மனைவி, "இன்னைக்கு எத்தன பேரு கழுவுல?" என்று கேட்டுவிட்டுத்தான் முறுக்குத் தட்டை வைக்கிறாள்.

குலம் விஷயத்துக்கு வருகிறேன். ட்சோல்யானுவில் எல்லாம் குலத்தால் நடக்கிறது. தங்க இடம், கடன், கல்யாணம், வழக்கில் நமக்காக வந்து நிற்க ஆள், எல்லாம் குலம். முன்னிலைச் சொல்லே எதிராளியின் தகுதிக்கேற்ப மாறும். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று வளர்ந்த நமக்கு அது சிரமமே இல்லை. அமெரிக்க ஆட்டக்காரன் மாதக்கணக்கில் படிக்க வேண்டியதை எங்கள் பையன்கள் அரை மணியில் பிடித்துக்கொண்டார்கள். இதைத்தான் கட்டுரையாளர் மெச்சுகிறார். ஆனால் என் மேஜையில் நடந்தது வேறு. ஒரு குலத்தின் விடுதியில் அறை கேட்டுப் போன காட்சியில், நான் காரியஸ்தர் குரலில், "நீங்க எந்தூரு? யாரு வகையறா?" என்று கேட்டேன். தங்கை மகள் பகடையைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, இதுக்கு நான் பெங்களூர்லேருந்து வரணுமா? வாடகைக்கு வீடு பாக்கப் போனா அங்கயே கேக்கிறாங்களே." அன்று ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. சுலபமாகப் புரிவதாலேயே நமக்கு இது கனமான ஆட்டம். கற்பனை நாட்டுச் சாதி என்று அமெரிக்கன் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், நமக்கு அந்த வசதி இல்லை.

இப்போது கட்டுரையில் வராத விஷயம்.

டெக்குமெல்லின் பழங்கதை இது: பல்லாயிரம் ஆண்டுக்குப் பின் ஒரு காலத்தில், மனிதர்களும் அவர்களோடு கூட்டான வேற்றினத்தாரும் ஒரு வெப்பக் கிரகத்துக்கு வந்து, அதன் காற்றையும் மண்ணையும் செடிகொடியையும் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். அங்கே முன்பே இருந்த இரண்டு இனம், ஸ்ஸூ, ஹ்லூஸ். அவர்களை ஒதுக்கிடங்களில் அடைத்தார்கள். பிறகு ஒரு பேரழிவில் கிரகமே அண்டத்திலிருந்து துண்டாகி, நட்சத்திரமே இல்லாத வானத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டது. வேலி உடைந்தது, பூர்வகுடிகள் வெளியே வந்தார்கள். புத்தகம் அவர்களை மனிதனின் தீராப் பகைவர்கள் என்கிறது. பேச்சுக்கு இடமில்லை, கண்டதும் போர். ஸ்ஸூ வரும்போது லவங்கப்பட்டை வாசனை அடிக்கும், அதுதான் அடையாளம்.

நான் ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு துண்டு பட்டை போட்டு மேஜைக்கடியில் வைத்திருந்தேன். சுரங்கப் படியில் இறங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். வாசனை மெல்ல ஏறியது. ஒரு பையன், "பிரியாணி வாசம் வருது மாமா" என்றான். அடுத்த விநாடி அவனுக்கே உறைத்து, "வாள உருவுறேன்!" என்று கத்தினான். வங்கித் தம்பியும் உருவினான். தங்கை மகளின் பாத்திரம் தூமிஸ் என்ற அறிவுத் தெய்வத்தின் பூசாரி. அவள் மட்டும், "ஒரு நிமிஷம். அவங்க ஊருக்குள்ள நாமதானே வந்திருக்கோம்?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லப் புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு கேள்வி வரும் என்றே புத்தகம் நினைத்துப் பார்க்கவில்லை.

மறு வாரம் அவளே கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். பார்க்கரின் படைப்புகளைப் பராமரிக்கும் டெக்குமெல் அறக்கட்டளை 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை. 1991-ல் ஒரு நாவல் புனைபெயரில் வந்தது, நாஜிகளைப் போற்றும் நாவல், வெளியிட்டதும் அந்தக் கூட்டத்தின் பதிப்பகம்தான். அதை எழுதியவர் பார்க்கர். அதோடு, யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று சாதிக்கும் ஒரு இதழின் ஆலோசனைக் குழுவிலும் அவர் பெயர் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறது. அவர் 2012-ல் இறந்துவிட்டார். இதெல்லாம் கிசுகிசு இல்லை, அவர் பெயரைக் காக்கிற அமைப்பே ஒப்புக்கொண்டது.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறொன்று. பார்க்கர் இளவயதில் மொழியியலில் பெயர் எடுத்தது கிளாமத் மொழியை ஆராய்ந்துதான். அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில், அரசு ஒதுக்கிடத்தில் வைத்திருந்த பூர்வகுடி மக்களின் மொழி. அவர்களோடு உட்கார்ந்து கதைகளைத் தொகுத்து, இலக்கணம் எழுதி, 1963-ல் அகராதியும் கொண்டுவந்தார். அவர் அங்கே ஆய்வு செய்த ஐம்பதுகளில்தான், 1954-ல், அமெரிக்க அரசு ஒரு சட்டத்தால் அந்த மக்களின் பழங்குடி அங்கீகாரத்தையே நீக்கியது. காடு கைமாறியது. அங்கீகாரம் திரும்ப வர 1986 ஆயிற்று. ஒதுக்கிடம் என்றால் என்ன என்று கண்ணால் பார்த்த மனிதர் அவர், அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்த மனிதர். அவர் எழுதிய உலகத்தில் ஒதுக்கிடத்திலிருந்து வெளியே வருகிறவர்களுக்குப் பேச்சே கிடையாது. 1975-ல் எழுதியதற்கும் 1991-ல் எழுதியதற்கும் நான் கோடு இழுத்துக் காட்டப் போவதில்லை, அதற்கு என்னிடம் அளவு இல்லை. இரண்டு புள்ளியையும் படத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

வங்கித் தம்பி அன்றே விலகிவிட்டான். "எனக்கு வேண்டாம் சார்" என்றான், அவ்வளவுதான். சனிக்கிழமை நாலு மணிக்கு அவன் நாற்காலி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. நான் நிறுத்தவில்லை. கொடுத்த பணம் போய்விட்டது, திரும்ப வராது என்பது ஒரு காரணம். அந்தச் சாலையும் புதைந்த நகரமும் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது என்பது இன்னொன்று. இது நேர்மையான பதிலா என்று கேட்டால், பாதி.

ஆனால் ஒன்று கேட்க எனக்கு உரிமை உண்டு. பத்திர ஆபீஸில் ஒரு மனை கைமாறும்போது வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறோம். வில்லங்கம் உள்ள மனையை வாங்கக் கூடாது என்று சட்டமில்லை, தெரிந்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் வாங்க வைப்பதுதான் மோசடி. உங்கள் முக்கால் பக்கத்தில் பேராசிரியர் என்று ஐந்து இடத்தில் வருகிறது, மேதை என்று இரண்டு இடத்தில். 2022 அறிக்கை பற்றி ஒரு வரி இல்லை. மூன்று வரி போதும், படத்தைக் கொஞ்சம் சுருக்கியிருந்தால் இடம் கிடைத்திருக்கும். அதுவும் தலைகீழாகப் போட்ட படம்.

மேஜையில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது நடுவர் படித்தால் பயன்படும். ஸ்ஸூக்களுக்குப் பேச்சு கொடுத்தேன். புத்தகத்தில் இல்லாததைச் சேர்ப்பது நடுவரின் உரிமை, 1975-லிருந்தே அந்த உரிமை இருக்கிறது. அவர்கள் நிலத்தை ஒட்டி ஒரு ட்சோல்யானு கிராமம் என்று வைத்துக்கொண்டேன். தேசப்படத்தில் ஒரு அறுகோணத்துக்குள் அப்படி எத்தனையோ கிராமம் மறைந்துவிடும், எல்லைக் கல் எங்கே என்று அந்த அளவில் காட்ட முடியாது. ஆகவே அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, டிரேசிங் தாளில், பழைய ரோட்ரிங் பேனாவைக் கழுவி மசி ஊற்றி, முறையான புலப்படமாக வரைந்தேன். 66 அடிச் சங்கிலிக் கணக்கு, முச்சந்திக் கல், உட்பிரிவு எல்லாம் உண்டு. இரண்டு வாரம் பிடித்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

படத்தை விரித்ததும் தங்கை மகள் கேட்டது: "அளக்கும்போது பக்கத்துப் பட்டாதாரருக்கு நோட்டீஸ் குடுக்கணும்ல மாமா?" கொடுக்க வேண்டும்தான். கொடுக்காமல் அளந்தால் செல்லாது. ஸ்ஸூவுக்கு நோட்டீஸ் எந்த மொழியில் எழுதுவது, அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் போன வாரம் ஆட்டம் நின்றது. நாலு மணி நேரத்தில் ஒரு பகடை கூட உருளவில்லை. வரும் சனிக்கிழமை தொடர்கிறோம்.

படத்தை மட்டும் அடுத்த இணைப்பில் நேராகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவை வரைவாளர்,
பாளையங்கோட்டை.